உதடு சொன்ன பெயர்

திங்கட்கிழமை காலை, முட்டையின் மஞ்சளில் ரொட்டியைத் தொட்டு வாய்க்குக் கொண்டுபோகும்போது, என்னைக் கொல்லப் போவதாக ஓர் ஆள் சொல்வதைப் பார்த்தேன். கேட்கவில்லை. பார்த்தேன்.

ஜன்னலோர மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தார் மிஸ்டர் சக்டன். அவருக்கும் எனக்கும் நடுவில் ஆறு மேஜை, முப்பது பேர், தட்டும் கரண்டியும் போடுகிற சத்தம். அவர் கடலைப் பார்த்தபடி, குரலே இல்லாமல், தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார்.

"மெகி இருந்தா எல்லாம் போச்சு. புதன்கிழமைக்கு முன்னால முடிச்சாகணும்."

மெகி நான்தான். மெகி ஹாஸ்லம், வயது எழுபத்தொன்று, புருஷன் போய் பதினோரு வருஷம். லங்காஷயரில் நாற்பத்தாறு வருஷம் நெசவாலையில் நின்று காது மந்தமானவள். நானூறு தறி ஒரே கூடத்தில் ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் உதட்டால் பேசிக் கண்ணால் கேட்போம். ஒவ்வொரு சொல்லையும் வாயை அகட்டி, முகத்தைக் கோணி, எதிராளிக்குப் படம் போட்டுக் காட்டுகிற மாதிரி சொல்லவேண்டும். ஊமைப்பேச்சு என்போம். அதைப் பேசிப் பேசித்தான் கல்யாணம் பேசினோம், பிள்ளைப்பேற்றுச் சேதி சொன்னோம், மாமியாரைத் திட்டினோம்.

ஆகஸ்டில் ஒரு வாரம் எங்கள் ஊர் ஆலைகள் மொத்தமும் நிற்கும். ஊரே ரயிலேறிக் கடற்கரைக்கு வந்துவிடும். பத்து வருஷமாக அதே வாரம், அதே விடுதி, மிஸஸ் எண்ட்விசிலின் வீடு. மிஸ்டர் சக்டனை மட்டும் இந்த வருஷம்தான் பார்க்கிறோம். கப்பலில் பரிமாறுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். வசந்த காலத்தில் ஒரு அறை எடுத்துத் தங்க வந்தவர், இப்போது அடுப்படிவரைக்கும் போகிறவராகிவிட்டார் என்று பேச்சு.

அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னை எதற்குக் கொல்ல வேண்டும்?

என்னோடு அறையில் தங்கியிருந்த பெகி கிரிம்ஷா, நான் சொன்னதைக் கேட்டுக் கட்டிலில் விழுந்து சிரித்தாள்.

"உன்னையா? உன்னைக் கொன்னு அவருக்கு என்னடி கிடைக்கப்போகுது? உன் பல்செட்டா?"

"சிரிக்காதடி. என் பேரைச் சொன்னார். கண்ணால பார்த்தேன்."

"சபை விருந்துல காணாமப்போன பன்னித்தொடையைக் கண்டுபிடிச்சதிலேர்ந்து உனக்குப் பார்க்கறவன் எல்லாம் திருடன், கொலைகாரன்."

"அந்தப் பன்னித்தொடை பாதிரியார் வீட்டுல இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு, இருந்துச்சு. அதுக்காக இந்த மனுஷன் என்ன பாவம் பண்ணினார்? வாயே திறக்க மாட்டேங்கறார். நான் குட் மார்னிங் சொன்னா தொப்பியைத் தூக்கறாராம், நம்மகூட வந்த எல்ஸி சொல்றா. எனக்கு எங்க தெரியுது?"

பெகிக்குக் கண்ணில் புரை. நாலடி தள்ளி நிற்கிற முகம் அவளுக்கு வெறும் வெளுப்பு. கண்ணாடி போட மாட்டாள், கிழவியாகத் தெரியுமாம். குரலை வைத்துத்தான் ஆளைச் சொல்வாள். ஒரு இருமலை வைத்தே சொல்லிவிடுவாள். எங்கள் ஊர்க்காரியும் இல்லை. மலைக்கு அந்தப்புறத்து ஊரில் இருபது வருஷம் தறி ஓட்டிவிட்டு, விதவையானபிறகு தங்கையோடு இருக்க வந்தவள்.

"புதன்கிழமை என்ன விசேஷம்னாவது தெரியுமா உனக்கு?" என்றாள் பெகி. "மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாருக்கும் ஷெர்ரி ஒயின் தர்றாங்களாம். மிஸஸ் எண்ட்விசில் ஒரு நல்ல சேதி சொல்லப்போறாங்களாம். கல்யாணம்டி! மாப்பிள்ளை எழுந்து நின்னு நாலு வார்த்தை பேசப்போறாராம். அந்தக் கவலையில புலம்பறார் மனுஷன்."

விஷம் வைத்துவிடுவாரோ என்று அன்றைக்கு முழுதும் நான் வெந்ததைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. வெந்ததையும் பெகியின் தட்டிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன். இறைச்சிக்கு ரேஷனை நீக்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஆட்டுக்கறி. நான் அதைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை மழை. விடுதி விதி எங்களுக்குத் தெரியும்: காலைச் சாப்பாடு முடிந்து பத்து மணிக்கு எல்லோரும் வெளியே போய்விட வேண்டும், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் கதவு திறக்கும், சாப்பிட்டதும் மறுபடி வெளியே. மழையானாலும் புயலானாலும் அதுதான். மற்ற வருஷங்களில் கடற்கரைக் கொட்டகையில் நெருக்கி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்போம். அன்றைக்கு வாசலைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை.

"தலைவலி, மிஸஸ் எண்ட்விசில். மேலே படுத்துக்கறேனே."

"பத்து வருஷத்துல உங்களுக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததில்லையே." இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தாள். "சரி, படுங்க. மத்தவங்ககிட்ட சொல்லாதீங்க. ஆளாளுக்குத் தலையைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிப்பாங்க."

பெகி என் நீல மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவளுடையது ஒழுகும்.

"நீ படுத்துக்கிட்டு உன் கொலைகாரனுக்குக் காத்திரு. நான் போய்க் கடல் காத்து வாங்கிட்டு வர்றேன்."

அறைக்கதவின் கைப்பிடிக்கடியில் நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். மழைச் சத்தத்தில் படியில் கால் வைக்கிற சத்தம் எனக்குக் கேட்காது. அதனால் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம். அது திரும்பவில்லை.

பன்னிரண்டரைக்கு எல்ஸி கிளெக் வந்து கதவைத் தட்டினாள். என் பக்கத்துத் தறியில் நின்றவள், என்னைவிட இருபது வயது இளையவள். நாற்காலியை நகர்த்திக் கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அக்கா... அக்கா, நீங்கதான்னு நினைச்சுட்டோம். நீலக் கோட்டு. பாறைப் படிக்குக் கீழே. முகத்தைத் திருப்பிப் பார்த்தப்பறம்தான்..."

கடலுக்கு இறங்குகிற நாற்பது படி. கீழே பாறை. பெகி.

மாலை வந்த சார்ஜன்ட்டுக்கு வாயை மூடுகிற மீசை. அவர் சொல்வதில் பாதி எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்று எல்ஸி எடுத்துச் சொன்னாள்.

"படியில பாசி. மழை. கண்ணு சரியாத் தெரியாத அம்மா. வருத்தமான விஷயம்தான்."

"ஒருத்தர் என்னைக் கொல்லணும்னு சொன்னார், சார். அவ என் கோட்டைப் போட்டிருந்தா."

"யார்கிட்ட சொன்னார்?"

"யார்கிட்டேயும் இல்லை. தனக்குத்தானே."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"முப்பதடி தள்ளி."

"முப்பதடி தள்ளி ஒருத்தர் தனக்குத்தானே பேசினது உங்க காதுல விழுந்துச்சு. நான் இவ்வளவு கிட்ட பேசறது விழலை."

"காதுல விழலை சார். பார்த்தேன்."

அவர் நோட்டுப்புத்தகத்தை மூடினார். எல்ஸியிடம் மட்டும் ஏதோ சொன்னார். பெரியம்மாவுக்குப் பாலில் கொஞ்சம் பிராந்தி கொடுத்துப் படுக்கவைக்கச் சொன்னாராம்.

அன்று எல்ஸி என்னோடு வந்து படுத்தாள். அவளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் நினைத்தது பெகியை அல்ல, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தவறான ஆளைத் தள்ளிவிட்டோம் என்று இப்போது அவருக்குத் தெரிந்திருக்கும், புதன்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை காலையில் பெட்டியைக் கட்டிவிட்டேன். மாலை ரயிலுக்கு எல்ஸியின் புருஷன் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அதுவரை ஆட்களோடேயே இருக்கவேண்டும் என்று சாப்பாட்டுக் கூடத்தில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன். எதிர் ஓரத்தில் எங்கள் ஆலைப் பெண்கள் நாலைந்து பேர். மற்றவர்களுக்குக் கேட்க வேண்டாம் என்று எல்ஸி அவர்களிடம் உதட்டால் பேசிக்கொண்டிருந்தாள்.

"பாவம் மெகி. நல்ல மனுஷி. அடக்கத்துக்கு நாம எல்லாரும் போகணும்."

நான் இங்கே உட்கார்ந்திருக்கும்போதே என்னை அடக்கம் பண்ணப் பேசுகிறார்களா? அப்போதுதான் எல்ஸியின் கையைப் பார்த்தேன். பேரைச் சொல்லும்போதே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கிள்ளுகிற மாதிரி சேர்த்தாள். கொடியில் துணி மாட்டுகிற கிளிப்புக்கு எங்கள் பக்கத்தில் பெக் என்று பெயர். பெகி என்றால் அந்தச் சைகையும் சேர்த்துக் காட்டுவோம். ஏனென்றால் மெகிக்கும் பெகிக்கும் உதடு ஒன்றுதான். இரண்டுக்கும் வாயை மூடித்தான் திறக்க வேண்டும். குரலை எடுத்துவிட்டால் மெகியும் பெகியும் ஒரே ஆள்.

தறிக்கூடத்தில் கால் வைத்த முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம். என் பேராக இருந்ததால் மறந்துவிட்டேன். பயந்தவளுக்குத் தன் பேர்தான் தெரியும்.

தனக்குத்தானே பேசுகிறவன் எதற்குச் சைகை காட்டுவான்?

அதற்குமேல் ஒவ்வொன்றாக வந்தது. சார்ஜன்ட் முகத்துக்கு முன் நின்று பேசினார், பாதி பிடிபடவில்லை. சாதாரண மனிதர்கள் உதட்டை மென்று பேசுவார்கள். மிஸ்டர் சக்டன் முப்பதடி தள்ளி இருந்தும் எனக்கு ஒரு சொல் தப்பவில்லை. வாயை அகட்டி, முகத்தைக் கோணி, எங்களைப் போலவே. கப்பலில் பரிமாறியவனுக்கு அந்த வாய் எங்கிருந்து வந்தது? அவன் தறிக்கூடத்தில் வருஷக்கணக்காக நின்றவன். அதை மறைக்கிறவன். எந்த ஊர்த் தறிக்கூடம்? பெகி இருக்கிற இடத்தில் ஏன் ஒரு வார்த்தைகூடக் குரல் விட்டுப் பேசவில்லை? புதன்கிழமை மத்தியானம் எழுந்து நின்று பேசித்தான் ஆகவேண்டும். முதல் வார்த்தையிலேயே பெகி சொல்லியிருப்பாள், "இது நம்ம ஊரு ஆளாச்சே, பெண்டாட்டி சௌக்கியமா?" என்று.

ஆக, எனக்கு ஒரு ஆபத்தும் இருந்ததில்லை. மூன்று நாளாக நடுங்கியது வீண். வாயை மூடிக்கொண்டு மாலை ரயிலேறினால் உயிரோடு வீடு போய்ச் சேரலாம்.

இதை நினைத்த நேரத்தில்தான் உண்மையான பயம் வந்தது. ஏனென்றால் இப்போது எனக்குத் தெரியும். என் முகம் எதையும் மறைக்கிற முகம் இல்லை.

மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்தபின் அவன் ஷெர்ரி தட்டோடு மேஜை மேஜையாக வந்தான். என் மேஜைக்கு வந்ததும் தட்டை வைத்துவிட்டு, பெகியின் காலி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஒரு வாய் குடிங்க மிஸஸ் ஹாஸ்லம். ரொம்ப வெளுத்துப் போயிட்டீங்க." குரலோடு, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "காலையிலேர்ந்து என் வாயையே பாக்கறீங்களே, ஏன்?"

"காது மந்தம்."

"அப்படியா."

அவன் குனிந்து என் கோப்பையை நிரப்பினான். நிமிர்ந்தபோது குரல் இல்லை. உதடு மட்டும்.

"படியில அவ உங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டா."

என் கை கோப்பையைத் தட்டிவிட்டது. ஷெர்ரி மேஜைவிரிப்பில் ஓடியது. அவன் என் கையைப் பார்த்தான், பிறகு என்னை. புன்னகைத்தான். காது கேட்கிறவளோ கேட்காதவளோ, ஊமைப்பேச்சு தெரியாதவளாக இருந்தால் கோப்பை கவிழ்ந்திருக்காது.

"பரவாயில்லை," என்றான் குரலோடு. "சாப்பிட்டதும் எப்படியும் எல்லாரும் வெளியே போயாகணும். நாம ரெண்டு பேரும் கொஞ்சம் நடந்துட்டு வரலாம். உங்களுக்கும் காத்து நல்லது."

கத்தினால்? வயசானவள், சிநேகிதியைப் பறிகொடுத்தவள், பிராந்தி கொடுத்துப் படுக்கவைக்கச் சொல்லி சார்ஜன்ட்டே சொன்னவள். என் கையைப் பிடித்து இதமாக வெளியே அழைத்துப்போவது அவனாகத்தான் இருக்கும்.

மிஸஸ் எண்ட்விசில் கரண்டியால் கோப்பையைத் தட்டினாள். பச்சைப் பட்டு உடுத்தியிருந்தாள். ஐம்பத்தாறு வயதில் கன்னம் சிவந்திருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நேத்து நடந்ததுக்கப்பறம் இதைத் தள்ளிப்போடலாம்னுதான் சொன்னேன். வில்ஃப்தான், துக்கத்துக்கு நடுவுல ஒரு நல்ல சேதியும் வேணும்னு சொன்னார். வில்ஃப், நீங்களே சொல்லுங்க."

அவன் எழுந்து போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றான். முப்பது பேரும் வாயை மூடி அவன் முகத்தையே பார்த்தார்கள். அவன் பார்த்தது என் வாயை. நான் கத்திவிடுவேனோ என்று அவனுக்கும் பயம். அது தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

எல்ஸி அவனுக்கு முன்னால், எனக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். சமையலறைக் கதவு அவன் முதுகுக்குப் பின்னால். எல்ஸி இருந்த இடத்திலிருந்து அது சாத்தியிருப்பது தெரியும். நான் அவளைப் பார்த்து வாயை அகட்டினேன். நாற்பத்தாறு வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக நான் பேசியதில்லை.

"எல்ஸி. அவன் பெண்டாட்டி வந்து சமையலறைக் கதவுல நிக்கறா."

எல்ஸி அசையவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மிஸ்டர் சக்டன் வெடுக்கென்று முழு உடம்போடு பின்னால் திரும்பினான்.

சாத்திய கதவு. அதில் ஒரு கைத்துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் மறுபடி முன்னால் திரும்பியபோது எல்ஸி எழுந்து நின்றிருந்தாள்.

"யாரைத் தேடறீங்க, மிஸ்டர் சக்டன்?"

"யாரோ கூப்பிட்ட மாதிரி..."

"இங்க யாரும் மூச்சுகூட விடலையே. எந்த ஆலை நீங்க?"

"ஆலையா? நான் கப்பல்ல..."

"கப்பல்லதான் உங்களுக்கு இந்தப் பேச்சு சொல்லிக்கொடுத்தாங்களா?"

மிஸஸ் எண்ட்விசில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன பேச்சு? யாருமே ஒண்ணும் பேசலையே. எல்ஸி, என்ன விளையாட்டு இது?"

"உங்க வீட்டுக்காரரா ஆகப்போறவர் பெண்டாட்டி கதவுல நிக்கறான்னு மெகி அக்கா உதட்டால சொன்னா. அவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்துச்சு."

அவன் என்னைப் பார்த்தான். என்னை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். நான் நாற்காலியோடு சுவரில் இடித்துக்கொண்டேன். அந்தப் பக்கமிருந்த பெண்கள், ஒருத்தி சொல்லாமலே, எழுந்து நடுவில் நின்றார்கள். கையில் சாப்பாட்டுக் கத்தி வைத்திருந்தவள் அதைக் கீழே போடவில்லை. அவன் நின்றான். பிறகு சமையலறை வழியாக வெளியே போனான், தலையில் தொப்பி இல்லாமல். எங்கள் ஆண்களில் அப்படி வெளியே போனவரை நான் பார்த்ததில்லை.

எல்ஸியின் புருஷனும் இன்னும் இரண்டு பேரும் பின்னால் ஓடினார்கள். ரயில் நிலையத்தில் பிடித்தார்களாம். சார்ஜன்ட் அரை மணியில் வந்தார். இந்தத் தடவை மீசையை விரலால் ஒதுக்கிக்கொண்டு, என் முகத்துக்கு நேராக, மெதுவாகக் கேட்டார். கடற்கரையில் சிப்பி விற்கிற அம்மாவும் செவ்வாய்க்கிழமை பார்த்திருக்கிறாள்: நீலக் கோட்டுப் போட்ட பெரியம்மாவின் முழங்கையைப் பிடித்து, ஒரு கனவான் வார்த்தையே பேசாமல் படிப்பக்கம் கூட்டிக்கொண்டு போனதை. எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தாளாம். மலைக்கு அந்தப்புறத்து ஊருக்கு சார்ஜன்ட் டெலிபோன் பண்ணினார். அவன் நிஜப் பெயர் ஹெர்பர்ட் லோமாக்ஸ். தறி சரிபார்க்கிற மேஸ்திரி. பெண்டாட்டி உயிரோடுதான் இருந்தாள், ஏழு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

எல்லோரையும் வெளியே அனுப்புகிற விதி அன்றைக்கு யாருக்கும் நினைவில்லை. இருந்தும் சொல்லாமலே போய்விட்டார்கள். எல்ஸி காவல் நிலையத்துக்குப் போயிருந்தாள். கூடத்தில் நானும் மிஸஸ் எண்ட்விசிலும் மட்டும் மிஞ்சினோம். பச்சைப் பட்டின் மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அவள் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். இன்னொரு கத்தியை எடுத்து நானும் உட்கார்ந்தேன்.

கிழங்கைப் பார்த்தபடியே கேட்டாள், "திங்கக்கிழமையே உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"என்னைத்தான் சொல்றான்னு நினைச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

"மாட்டேன்." தோல் சுருண்டு விழுந்தது. "வெளிய போடின்னு சொல்லியிருப்பேன். உங்களைப் பார்க்கவே எனக்கு இப்பக் கோவமா இருக்கு, மிஸஸ் ஹாஸ்லம். தெரியுமா உங்களுக்கு?"

"இருக்கட்டும்."

"தலைவலின்னு பொய் சொல்லிட்டு மேலே படுத்தீங்க. அவங்க போனாங்க."

"ஆமா."

"நான்தான் படுத்துக்கோங்கன்னு சொன்னேன். உங்களையும் வெளிய துரத்தியிருந்தா, ரெண்டு பேராப் போயிருப்பீங்க." கத்தி நின்றது. மாடியில் தரைப்பலகை ஏதோ முனகியது போலிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை, அவள் கண் மேலே போனதைத்தான் பார்த்தேன்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. அவன் ரூம் பக்கம். காத்தா இருக்கும்."

"அவனைத்தான் பிடிச்சுட்டாங்களே."

"பிடிச்சுட்டாங்க." அவள் உரித்த கிழங்கையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள். "பாறைப் படி என்கூடவும்தான் இறங்கியிருக்கான். எத்தனையோ தடவை. கையைப் பிடிச்சுக்கிட்டு."

நான் அடுத்த கிழங்கை எடுத்தேன்.

"நீங்க மாலை ரயில்ல போறீங்கன்னு எல்ஸி சொன்னா."

"பெகியைக் கூட்டிக்கிட்டுத்தான் போகணும். சார்ஜன்ட் வெள்ளிக்கிழமை ஆகும்னு சொல்றார்."

"அதுவரைக்கும் அந்த ரூம்லயே இருப்பீங்களா?"

"வேற எங்க இருப்பேன்?"

அவள் எழுந்து, சமையலறைக் கதவைத் தாழிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மேலே போய் என் பெட்டியைப் பிரிக்கணும்," என்றேன்.

"போங்க."

நான் மாடிப்படி வரைக்கும் போய்த் திரும்பிவந்தேன்.

"நீங்களும் வாங்களேன்."

அவன் அறைப்பக்கம் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, கையிலிருந்த கத்தியைக் கழுவித் துடைத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, "நீங்க முன்னால ஏறுங்க," என்றாள் மிஸஸ் எண்ட்விசில்.